முட்டைக்கோஸின் நாற்காலி

பல்செட் செய்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன், கண்ணுகளா. நடுவில் கொஞ்சம் குழம்பும். குழம்பினால் விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். அவளே கடைசிவரை குழம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்து அறையில். முன்னறையில் ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்கள். பின்னறையில் இவள் அவர்களுடைய வாயின் அச்சை மேசைமேல் வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு வார்த்துக்கொண்டிருப்பாள். ப்ளாஸ்டர் தூள் இமை மயிர்வரை ஒட்டியிருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேருகின்றனவா என்று நடுவில் மை தடவிய ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்க வைப்பாள். எந்தப் பல்லில் மை அதிகமாகப் பட்டதோ அந்தப் பல்லை ஒரு தேய்ப்பு. மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. ஒரு முடி அளவு தூக்கலாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தாடை வலி உயிரை வாங்கிவிடும்.

அந்த வேலை அவள் கைக்குள் புகுந்துவிட்டது. கோணலாக எதைப் பார்த்தாலும் விரல் சும்மா இருக்காது. அடுத்த வீட்டு வாசலில் கிடக்கும் மிதியடியை நிமிர்த்திவிட்டுத்தான் படியிறங்குவாள். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்ற யாரோ ஒருவரின் சட்டைக் காலரை மடித்துவிட்டாள்.

"அந்த மனுஷன் திரும்பிப் பார்த்தாரு பாரு," என்று லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். "நான் மூணு சீட்டு தள்ளிப் போய், இவ யாரோ எவரோன்னு உட்கார்ந்துட்டேன்."

காலரோடு நின்றிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அவளுக்கு ஒரே தம்பி. ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். முதுகு வலிக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் இவளிடம் சொன்னான். அவ்வளவுதான். மறுநாள் இவள் கிடங்கின் மேற்பார்வையாளருக்கே ஃபோன் போட்டு, "என் தம்பிக்குக் கனமான பெட்டி எதுவும் குடுக்காதீங்க, சின்ன வயசுலேயே அவனுக்கு முதுகு பலவீனம்," என்று சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். தம்பியை வாசல் கேட்டில் உட்கார வைத்தார். உள்ளே போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம், "என்ன தம்பி, அக்கா இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாதம் முடிவதற்குள் வேலையை விட்டான். இவளுடைய வீட்டு வாசலில் நின்று, "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டான். பிறகு வீடு மாறினான், நம்பர் மாற்றினான். அதன்பின் அவன் குரலைக் கேட்கவில்லை இவள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் ஒருமுறை பேச வேண்டும். திட்டினாலும் சரி.

நாலு வருஷம் போன பிறகு ஒரு நாள் மருத்துவமனை நடையில் தம்பியின் மனைவி எதிரே வந்தாள். கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வருகிறாள். ஊசி போட்டதில் பாதி உதடு மரத்துப்போய் ஒரு பக்கமாகத்தான் பேச்சு வந்தது.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். அவன் எப்படி இருக்கான்?"

"இருக்காரு. இப்ப வேற கம்பெனி. போறாரு, வர்றாரு, வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஏழாம் கரைல போய் உட்கார்ந்துக்குவாரு."

"ஏழாம் கரையா? நாங்க சின்ன வயசுல விளையாடினமே, அதுவா? அது இன்னுமா இருக்கு?"

"இருக்கான்னா கேக்குறீங்க? எனக்குச் சக்களத்தியே அதுதான், அண்ணி."

"அவன் நம்பரைக் குடும்மா."

"ஐயோ, என்னைக் கொன்னே போட்டுடுவாரு. நான் உங்களைப் பார்க்கவே இல்ல. நீங்களும் என்னைப் பார்க்கல."

"அங்க என்ன பேருல இருக்கான், அதையாவது சொல்லு."

தம்பி மனைவி மரத்துப்போன உதட்டைக் கையால் காட்டி, இதற்குமேல் பேச்சு வராது என்பதுபோலத் தலையசைத்துவிட்டு நழுவினாள்.

இந்த ஏழாம் கரை என்ன என்று உங்களில் சிலருக்காகச் சொல்லிவிடுகிறேன். அது பலபேர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு. சண்டை கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒரு கடற்கரை கொடுப்பார்கள், அவ்வளவுதான். வீடு, கதவு, விளக்கு, படகு, மரம் எல்லாம் விளையாடுகிறவர்களே செய்துகொள்ள வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் நகல் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் நகல் எடுத்தாலும் முதலில் செய்தவரின் பெயர் பொருளின் அடியில் இருந்துகொண்டே இருக்கும். அக்காவும் தம்பியும் ஒரே கம்ப்யூட்டருக்கு அடித்துக்கொண்டு விளையாடிய காலத்தில் அங்கே மணலும் நாலைந்து குடிசையும்தான். இவள் அன்றைக்கு வைத்துக்கொண்ட பெயர் முட்டைக்கோஸ். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வயதில் அது பெரிய நகைச்சுவையாகத் தோன்றியிருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கடவுச்சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. விரல்களுக்கு மறக்கவில்லை. திரை திறந்தது.

மணலைக் காணோம். தெருக்கள். தெருவுக்குள் தெரு. மாடிமேல் மாடி. வாத்துத் தலை, மேகத் தலை, அடுப்புத் தலை வைத்த மனிதர்கள் பரபரவென்று போகிறார்கள். எங்கே பார்த்தாலும் நாற்காலி. வாசலில், கூரையில், படகில், மரக்கிளையில். எல்லாம் ஒரே மாதிரி நாற்காலி. எல்லாமே லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் ஒரு கால் மட்டும் குட்டை. குட்டைக் காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்.

அவளுக்குக் கை பரபரத்தது. யாரடா இந்த லட்சணத்தில் நாற்காலி செய்தவன் என்று ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அடியில் எழுத்து வந்தது. செய்தவர்: முட்டைக்கோஸ்.

அடுத்ததைத் தொட்டாள். முட்டைக்கோஸ். கூரையில் இருந்ததைத் தொட்டாள். முட்டைக்கோஸ்.

"நான் ஒரே ஒரு நாற்காலிதானே செஞ்சேன்," என்று கணவரிடம் சொன்னாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. மறந்துபோய் ஊருக்கே செஞ்சுட்டியோ என்னமோ," என்றார் அவர், செய்தித்தாளை இறக்காமல்.

அப்போதுதான் வாத்துத் தலைக்காரன் ஒருவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். தலைக்குமேல் பெயரும் வாத்து என்றே இருந்தது. அங்கே பேச்சு என்றால் பெரும்பாலும் தட்டச்சில்தான். குரலிலும் பேசலாம், அதிகம் பேர் பேசுவதில்லை.

"புதுசா?" என்று வாத்து எழுதியது.

"பழசு."

"எவ்வளவு பழசு?"

"இங்க வெறும் மணல் இருந்த காலம்."

வாத்து கொஞ்ச நேரம் அசையவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று இவள் சுட்டியை ஆட்டிப் பார்த்தாள். பிறகு எழுத்து வந்தது: "அப்ப முதல்ல ஒரு கல் எடுத்துக்குங்க. கையில கல் இல்லாம இங்க யார் வீட்டுக்கும் போகக் கூடாது."

வாத்து அவளுக்கு ஊர் சுற்றிக் காட்டியது. இங்கே ஒரு வீட்டுக்குப் போனால் வணக்கம் சொல்வதில்லை. அந்த வீட்டு நாற்காலியின் குட்டைக் காலுக்கடியில் இருக்கிற கல்லை எடுத்துவிட்டு நம் கல்லை வைத்து ஆட்டம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால்தான் உட்காரச் சொல்வார்கள். அவரவர் கல்லை அவரவர் செய்துகொள்கிறார்கள். வரி போட்ட கல், பூப் போட்ட கல், சும்மா கறுப்புக் கல். நண்பர்கள் கல்லை மாற்றிக்கொள்கிறார்கள். கோபம் என்றால் கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"நாற்காலியைச் சரியாச் செஞ்சிருந்தா இவ்வளவு தொல்லை இல்லையே," என்று இவள் எழுதினாள்.

"தொல்லையா? நல்லாச் சொன்னீங்க போங்க," என்றது வாத்து.

ஊருக்கு நடுவில் ஒரு பெரிய மரம். அதைச் சுற்றிச் சுற்றி ஒரு படிக்கட்டு வானத்துக்கு ஏறியது. அருகே போய்ப் பார்த்தால் எல்லாம் அதே நாற்காலி, ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் இத்தனூண்டு சாய்வதால், அடுக்க அடுக்கப் படிக்கட்டு தானாகவே வளைந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கட்டியது வாத்தும் கூட்டாளிகளும். வருஷக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏறினால் கரை முழுவதும் தெரிந்தது.

அங்கே நின்றுகொண்டு அவள் வந்த விஷயத்தை எழுதினாள். "என் தம்பியைத் தேடி வந்தேன்."

"பேரு?"

"இங்க என்ன பேருன்னு தெரியாது."

"ஆள் எப்படி?"

"முரடு. மனசுல உள்ளதைச் சொல்ல மாட்டான். ரோஷக்காரன்."

"ரோஷக்காரனா?"

"பயங்கர ரோஷக்காரன்."

வாத்து யோசித்தது. "அப்படி யாரும் இருக்கிறதாத் தெரியலையே. தூண்னு ஒருத்தர் இருக்காரு. கீழ படிக்கட்டுப் பக்கத்துலயே நிப்பாரு, வாயைத் திறக்கவே மாட்டாரு. கேட்டுப் பாருங்க."

அவள் இறங்கி ஓடினாள். தூண் என்ற பெயரோடு ஒரு உருவம் கல்லாக நின்றது.

"டேய், நான்தான்," என்று எழுதினாள். பதில் இல்லை.

"இன்னும் கோபமா?" பதில் இல்லை.

"முதுகு வலி எப்படி இருக்கு, அதையாவது சொல்லு."

ரொம்ப நேரம் கழித்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "முதுகு பரவாயில்லைங்க. முட்டிதான் படுத்துது. நான் தையல்காரி. எனக்கு டைப் அடிக்க லேட்டாகும், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க யாரு, நர்ஸா?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தால் வாத்து மரத்தடியில் குதித்துக் குதித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அது அந்த ஊரில் சிரிப்பதற்கு அடையாளம்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் போனாள். தம்பி கிடைக்கவில்லை. வாத்து கிடைத்தது. அவள் வந்தால் எங்கிருந்தோ வந்துவிடும், கடைக்காரர்களிடம் பேரம் பேசிக் காட்டும், தையல்காரித் தூணோடு உட்கார்ந்து அவள் ஒரு வாக்கியம் முடிக்கும்வரை காத்திருக்கும். வாத்தோடு பேசுவது இவளுக்குச் சுலபமாக இருந்தது. தம்பியோடு இப்படி ஒரு நாளும் பேசியதில்லையே என்றுகூடத் தோன்றியது.

"தம்பி கிடைச்சா என்ன சொல்லுவீங்க?" என்று வாத்து ஒருநாள் கேட்டது.

"உன் நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்னு சொல்லுவேன்."

வாத்து திரும்பிக்கொண்டது. "நாளைக்குப் பார்ப்போம்," என்று எழுதிவிட்டு மறைந்துபோனது. தப்பாக என்ன சொல்லிவிட்டோம் என்று இவளுக்கு விளங்கவில்லை.

இப்போது அவள் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஏச வேண்டாம், முதலில் கேளுங்கள். தம்பி இந்த ஊரில் எங்கோ இருக்கிறான். எந்தப் பெயரில் என்று தெரியவில்லை. இவள் வந்திருப்பது அவனுக்கும் தெரியவில்லை. முட்டைக்கோஸ் என்ற பெயர் ஊரெல்லாம் நாற்காலிக்கடியில் கிடப்பதால் அதைப் பார்த்து ஒருவனும் திரும்பப் போவதில்லை. ஆனால் அந்த முதல் நாற்காலி, இவள் செய்த அசல் நாற்காலி, நிமிர்ந்து நின்றால்? அதைத் தொட்டு மாற்றுகிற உரிமை இவளைத் தவிர யாருக்கும் கிடையாது. தம்பி பார்த்தால் உடனே தெரிந்துகொள்வான், அக்கா வந்திருக்கிறாள் என்று. இப்படித்தான் யோசித்தாள். கூடவே இன்னொன்றும் இருந்தது. முடியளவு பிசகாமல் பல் கட்டுகிறவளின் பெயரில் உலகம் முழுக்க ஒரு நொண்டி நாற்காலி. அது அவளைத் தூங்கவிடவில்லை.

விளக்குக் கடைக்குப் பின்னால், அவர்கள் அன்றைக்குக் கட்டிய குடிசை அப்படியே இருந்தது. உள்ளே அசல் நாற்காலி. தொட்டதும் கருவிகள் வரிசையாக வந்து நின்றன. குட்டைக் காலைப் பிடித்து இழுத்து மற்ற மூன்றோடு சமமாக்கினாள். லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, அதையும் நேராக்கினாள். சேமித்தாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊரில் பாதிப் பேருக்குமே தெரியாது, ஏனென்றால் பழைய ஆட்கள் யாரும் திரும்பி வந்து எதையும் மாற்றியதில்லை. நகல்கள் எல்லாம் அசலைப் பார்த்துக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு காலையும் விளையாட்டை ஒருமுறை மூடித் திறப்பார்கள். அசல் எப்படி இருக்கிறதோ நகலும் அப்படி ஆகிவிடும்.

மறுநாள் மதிய இடைவேளை. பின்னறையில் பல் வடிவம் வரையும் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அதில் போய்ப் பார்த்தாள். ஊரே அலங்கோலமாக இருந்தது. எல்லா நாற்காலியும் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. கால் வளர்ந்துவிட்டது, கல் மட்டும் அடியிலேயே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் சரிந்து தரையில் கிடந்தார்கள். தெருவில் ஒரு அடுப்புத் தலைக்காரன், "யாராவது தூக்குங்கப்பா," என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான்.

மரத்தடிக்கு ஓடினாள். படிக்கட்டு மரத்தைச் சுற்றவில்லை. கல் வைக்காமல் அடுக்கிய நாற்காலிகள் எல்லாம் நிமிர்ந்ததில் வளைவு போய், மொத்தப் படிக்கட்டும் நேராக விறைத்துக்கொண்டு கூரைகளுக்கு மேலாக நீண்டு கடலுக்குள் போய் நின்றது. அதில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில் மிதந்தார்கள். தூணும் மிதந்துகொண்டிருந்தாள். "நா" என்று எழுதியிருந்தாள். அடுத்த எழுத்து இன்னும் வரவில்லை.

அப்போது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எழுத்து இல்லை, குரலேதான்.

"யாரைக் கேட்டு அதை நிமிர்த்தின?"

பக்கத்து மேசையில் உலோகம் வார்த்துக்கொண்டிருந்தவர் இடுக்கியோடு நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா அது, இந்த அதட்டு அதட்டுறாரு?"

திரையில் வாத்து நின்றுகொண்டிருந்தது. குரல் வாத்தினுடையது. குரல் தம்பியினுடையது. இரண்டையும் ஒன்று சேர்க்க அவளால் முடியவில்லை.

"டேய். நீயா?" என்று ஒலிவாங்கியைத் தேடிப்பிடித்துக் கேட்டாள்.

"நான் இல்லாம வேற யாரு?"

"நீ... வாத்தா?"

"ஆமா, வாத்துதான். இப்ப அதுவா முக்கியம்? அந்தப் படிக்கட்டு எத்தனை வருஷ வேலை தெரியுமா உனக்கு?"

"நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். உலகத்துல வேற எவ முட்டைக்கோஸ்னு பேரு வெச்சுக்குவா?"

"தெரிஞ்சுமா இத்தனை நாள் கூடவே சுத்தின?"

"பேசிக்கிட்டுத்தானே இருந்தோம். நல்லாத்தானே போய்ட்டு இருந்துது."

"அப்ப அந்தத் தூண்கிட்ட என்னை அனுப்பினது?"

"அது சும்மா," என்றான் தம்பி. அந்த ஒரு சொல்லில் மட்டும் கோபம் கொஞ்சம் நழுவியது. உடனே பிடித்துக்கொண்டான். "சாயங்காலம் வா. இருந்த மாதிரியே ஆக்கிட்டுப் போ." குரல் அணைந்தது.

மதியம் முழுவதும் அவள் நீலத் தாளைத் தலைகீழாக வைத்துக் கடிக்கவைத்துக்கொண்டிருந்தாள். மை பல்லில் படாமல் அவள் விரலில் பட்டது. தம்பி கிடைத்துவிட்டான், அதில் சந்தேகமில்லை. முன்னாலேயே கிடைத்திருந்தான், அதிலும் சந்தேகமில்லை. கிடைத்ததை அவளே கலைத்துவிட்டாளா, இல்லை கலைத்ததால்தான் கிடைத்தானா? அது மட்டும் பிடிபடவில்லை.

சாயங்காலம் குடிசையில் வாத்து காத்திருந்தது. மறுபடி எழுத்துதான், குரல் இல்லை. பழைய அளவு எங்கேயும் சேமிப்பில் இல்லை. முன்பு எவ்வளவு குட்டையாக இருந்தது, எவ்வளவு திரும்பியிருந்தது என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. தப்பைத் திருத்த அவளுக்குத் தெரியும். அதே தப்பை மறுபடி செய்வது எப்படி?

"கல்லை வெச்சுப் பாரு," என்று வாத்து எழுதியது. அவள் காலைக் குறைத்தாள். கல்லை வைத்தாள். ஆடியது.

"இன்னும் கொஞ்சம்."

குறைத்தாள்.

"அதிகம். ஏத்து. ஏத்துன்னா இவ்வளவா ஏத்துவாங்க? கையை எடு. இப்பத் திருப்பு, வெளிப்பக்கம். நிறுத்து."

"உனக்கு எப்படி இவ்வளவு சரியாத் தெரியுது?"

"நீ ஒரு தடவை பார்த்துட்டு விட்டுட்டுப் போயிட்ட. நான் இத்தனை வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"இந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நீதான் நடுவுல வந்து சுட்டியைப் பிடுங்கின."

"பிடுங்கினது நீ. என் நேரம் முடியலன்னு சொல்லச் சொல்லப் பிடுங்கின."

"பொய் சொல்லாதடா."

"யாரு பொய் சொல்றது?"

கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் மண்டையில அடிச்சுக்காம விளையாடுங்க," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கறுப்புக் கல், வரிக் கல், தூண் கொண்டுவந்த பூக்கல், மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் மூன்றுக்கும் ஆட்டம் நின்றது. அவள் கண்ணுக்கு இன்னும் ஒரு முடி அளவு பிசகு தெரிந்தது. விரல் மறுபடி சுட்டிக்குப் போனது.

"போதும்," என்றது வாத்து.

"இன்னும் ஒரு இம்மிதான்டா."

"போதும்னு சொல்றேன்ல."

அவள் சேமித்தாள்.

பிறகு வாத்து எழுதியது: "இந்த நாற்காலியை என் பேருக்கு மாத்திக் குடு."

அவள் அதை இரண்டுதரம் படித்தாள். மாற்றினால் ஊரில் உள்ள அத்தனை நாற்காலிக்கடியிலும் முட்டைக்கோஸ் என்பது போய் வாத்து என்று வந்துவிடும். அதன்பின் இவளுடைய கை எந்த நாற்காலியையும் தொட முடியாது.

"நான் மறுபடியும் தொட்டுடுவேன்னு பயமா?"

"ஆமா."

சுற்றி வளைக்காத பதில். அவளுக்குச் சுருக்கென்றது. நல்லதுக்குத்தானே என்று எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்தாள். அழித்ததற்குக் காரணம் கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மாற்றும் பொத்தானை அழுத்தினாள். வாங்குகிறவரின் ஃபோன் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டது திரை.

"நம்பர் கேக்குதுடா."

வாத்து ரொம்ப நேரம் நின்றது. நின்றது என்றால் அப்படி நின்றது. பிறகு நம்பர் வந்தது. பின்னாலேயே ஒரு வரியும் வந்தது. "இதுக்கு மட்டும்தான். கூப்பிடாத."

அவள் நம்பரை இட்டாள். நாற்காலியின் அடியில் அவள் பெயர் மறைந்தது. வாத்து போய்விட்டது.

காலையில் படிக்கட்டு மறுபடி மரத்தைச் சுற்றிக்கொண்டது. உச்சியில் கடைசிச் சில படிகள் மட்டும் முன்போல மரத்தை ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றன. யாரும் குறை சொல்லவில்லை.

கூப்பிடவில்லை அவள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறாள், அது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஃபோனை எடுத்து எடுத்து வைத்தாள்.

"கூப்பிடேன்," என்றார் கணவர்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கான்."

"அப்பக் கூப்பிடாத."

"கூப்பிடாம இருந்தா, வேணும்னே இருக்கேன்னு நினைச்சா?"

"எனக்கு லிஃப்ட்டுதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

விடுமுறை நாள் ஒன்று வந்தது. பகலில் கரைக்குப் போனாள். வாத்து மரத்தடியில் தனியாக நின்றது. இவளைப் பார்த்ததும் எழுதியது: "கூப்பிடலையே?"

"நீதானே கூப்பிடாதன்னு சொன்ன."

"சொன்னா கேட்டுடுவியா? என்னைக்குக் கேட்டிருக்க?"

"இப்ப நான் கூப்பிடவா, வேண்டாமா? தெளிவாச் சொல்லு."

வாத்து எதுவும் எழுதவில்லை. போகவும் இல்லை. அப்படியே நின்றது. வேண்டும் என்கிறானா, வேண்டாம் என்கிறானா, இதுவும் தூணிடம் அனுப்பின மாதிரி விளையாட்டா? யாரைக் கேட்பது? கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அவள் ஃபோனை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். நம்பரை அழுத்தினாள்.

மணி போனது. எடுத்தான். எடுத்துவிட்டுப் பேசவில்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது, ஒரு கரண்டி ஏதோ பாத்திரத்தில் உரசியது. தள்ளி ஒரு பெண்குரல், "யாருங்க ஃபோன்ல?" என்று கேட்டது.

"எங்க அக்கா," என்றான்.

பிறகு இவளிடம், "சொல்லு," என்றான்.

நாலு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்செல்லாம் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. நல்லதுக்குத்தான் என்பது வந்தது, அதை விழுங்கினாள். மன்னிச்சுக்கோ என்பதும் வந்தது. எதற்கென்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அதையும் விழுங்கினாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியலடா," என்றாள்.

"சரி," என்றான் தம்பி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "யோசிச்சுச் சொல்லு. நான் ஃபோனை வெக்கல."